கர்ப்பிணிக்கு வலிப்பா? உயிர் காக்கும் உப்பு ஊசி!

"புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தானே செய்யும்! குழந்தை பொறந்தா வத்திடும்."

வீட்டுக்கு வீடு பெரியவர்கள் சொல்லும் பேச்சு இது. பல நேரம் அது சரிதான். ஆனால் கால் வீக்கத்தோடு மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி என்று வந்தால் விஷயமே வேறு. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்!

5 மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு 140-90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதற்கு 'பிரீ எக்லாம்சியா' என்று பெயர். முற்றினால் வலிப்பு வரும். கை கால் வெட்டி இழுக்கும். நினைவு தப்பும். இதைக் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. அந்த ஒரு மணி நேரம் போதும், இரண்டு உயிருக்கும் ஆபத்து!

பேதி உப்புதான்!

ஆஸ்பத்திரியில் இதற்குப் போடுவது மக்னீசியம் சல்பேட் ஊசி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பும் இதே சரக்குதான். (அதற்காக வீட்டில் கரைத்துக் குடித்துவிடாதீர்கள். வலிப்பு நிற்காது, பேதிதான் போகும்!)

விலை மலிவு. ஆனாலும் அதன் மகிமை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது ரொம்பத் தாமதமாகத்தான். வலிப்பு கண்ட 1,687 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 1995-ல் வெளியானது. அதில் இந்தியப் பெண்களும் உண்டு. டயஸிபாம், பெனிடாயின் மருந்துகளைவிட இந்த உப்பே வலிப்பு திரும்ப வராமல் தடுத்தது. 2002-ல் வெளியான சோதனை 33 நாடுகளில், 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது!

முட்டியில் சுத்தி

ஊசி ஏறியதும் "உடம்பெல்லாம் தீயா எரியுதே" என்று பெண் கத்துவாள். முகம் சிவக்கும், குமட்டும். 2002 சோதனையில் ஏறக்குறைய நாலில் ஒருத்திக்கு இப்படித் தொல்லைகள் வந்தன. இதற்குப் பயப்பட வேண்டாம்.

அளவு மீறினால்தான் வம்பு. முதலில் முட்டியின் துடிப்பு நிற்கும். பிறகு மூச்சே அடங்கும். அதனால்தான் நர்ஸ் அடிக்கடி வந்து சின்னச் சுத்தியால் முட்டியில் தட்டுகிறார். மூச்சை எண்ணுகிறார். சிறுநீரை அளக்கிறார். சிறுநீர் குறைந்தால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். "தூங்க விடாம படுத்துறாங்களே" என்று அந்த நர்சிடம் சண்டைக்குப் போன உறவினர்களை இந்த நிருபரே பார்த்திருக்கிறார். முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட். அதைக் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு?

மருந்து தொப்புள்கொடி வழியே குழந்தைக்கும் போகும். சில குழந்தைகள் பிறந்ததும் துவண்டு கிடக்கும். மூச்சு மந்தமாக இருக்கும், பால் குடிக்கச் சுணங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு லாபமும் உண்டு. பிரசவத்துக்கு முன் தாய்க்கு இந்த ஊசி போட்டால் குழந்தைக்கு மூளை வாதம் வருவது குறைகிறது என்று 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. ஆனால் குறைமாதப் பிரசவ வலியை நிறுத்துவதற்காக 5 முதல் 7 நாளுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் குழந்தையின் எலும்பு பலவீனமாகும் என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

பிரசவம் ஆனதும் "அதான் பொறந்துடுச்சே, ஊசியக் கழட்டுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். குழந்தை பிறந்த பிறகும் வலிப்பு வரும். அதனால் ஊசி இன்னும் 24 மணி நேரம் தொடரும். முட்டியில் சுத்தியும்தான்!