குளிரை எண்ணி மரத்தைத் தேர்ந்தெடுப்போம்: மிதமான குளிர்கால இடங்களில் ஏப்ரிகாட்



டுரியான் மரம் எப்போது பூக்கும்? கம்பத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். சில வாரம் மழை இல்லாமல் காய வேண்டும், அதற்குப் பிறகுதான் கிளையில் மொட்டு தெரியும். விடாமல் மழை பெய்த ஆண்டில் பூவும் குறைவு, பழமும் குறைவு. மரத்துக்குத் தண்ணீரும் உரமும் மட்டும் போதாது, பாருங்கள். ‘இப்போது பூக்கலாம்’ என்று பருவமும் ஒரு சைகை காட்ட வேண்டும்.

ஏப்ரிகாட் மரத்துக்கும் அப்படி ஒரு சைகை தேவை. அகராதியில் இதைச் சர்க்கரை பாதாமி என்பார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் உலர்ந்த பழமாகத்தான் கிடைக்கும். இந்த மரம் காத்திருப்பது வறட்சிக்காக அல்ல, குளிருக்காக. குளிர்காலம் கடுமையாக இருக்கும் நாடுகளில் இதில் சிக்கல் இல்லை. அமெரிக்காவின் தென் கலிபோர்னியா மாதிரி குளிர்காலம் மிதமாக இருக்கும் இடங்களில்தான் சிக்கல். அங்கே வீட்டுத் தோட்டத்தில் ஏப்ரிகாட் வைப்பவர் பழத்தின் ருசியை மட்டும் பார்த்து மரம் வாங்கினால் என்ன ஆகும்? மரம் செழிப்பாக வளரலாம். மூன்று நான்கு ஆண்டு கழித்துக் காய்க்க வேண்டிய நேரத்தில் இலை மட்டும்தான் இருக்கும். மண்ணிலும் குற்றமில்லை, உரத்திலும் குற்றமில்லை. அந்த மரத்துக்கும் அந்த ஊர்க் குளிர்காலத்துக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். பழம் மரத்தினுடையது, குளிர் இடத்தினுடையது. இரண்டும் பொருந்துகிறதா என்று நட்ட பிறகு பார்த்துப் பயனில்லை, நடும் முன்பே பார்க்க வேண்டும்.

மரம் ஏன் உறங்குகிறது?

ஏப்ரிகாட்டின் பூமொட்டு வசந்த காலத்தில் திடீரென்று உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே கிளையில் உருவாகிவிடும். இலையுதிர் காலத்தில் பகல் குறைந்து குளிர் தொடங்கியதும் மரம் இலைகளை உதிர்த்துவிட்டு உறக்கநிலைக்குப் போகிறது. இது ஒரு தற்காப்பு. டிசம்பரில் நான்கு நாள் வெயில் அடித்ததை நம்பி மரம் பூத்துவிட்டால், ஐந்தாம் நாள் உறைபனி வந்து எல்லாப் பூவையும் அழித்துவிடும். அதனால் மொட்டுக்குள் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. நீண்ட நேரம் குளிர் பட்டால்தான் அந்தத் தடை தளரும். தடை நீங்கிய பிறகுதான் வெப்பத்துக்கு வேலை. அப்போது வெயில் பட்டால் மொட்டு விரியும்.

ஆக, இங்கே இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலில் குளிர், பிறகு வெப்பம். இந்த வரிசையை மாணவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் முடியாமல் இரண்டாம் கட்டம் சரியாக நடக்காது.

குளிரை எப்படி எண்ணுவது?

தோட்டக்காரர்கள் இதற்குக் ‘குளிர் மணி’ என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை சுமார் 0 முதல் 7.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர் மணி. கலிபோர்னியாவில் பொதுவாக நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடியும் வரை எண்ணுவார்கள். உறைநிலைக்குக் கீழே போன நேரத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை வெப்பநிலை 5 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரவுக்கு 8 குளிர் மணி. இப்படி 45 இரவுகள் கிடைத்தால் 45 × 8 = 360 குளிர் மணி. எளிமையான கணக்குதான். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. இரவை மட்டும் எண்ணுகிறோம், பகலில் என்ன நடந்தது என்று பார்ப்பதே இல்லை.

அந்தக் குறையைச் சரிசெய்ய 1974-இல் யூட்டா மாநில ஆய்வாளர்கள் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஏறக்குறைய 2.5 முதல் 9 பாகை வரையிலான ஒரு மணி நேரத்துக்கு ஒரு முழு அலகு. அதைவிடச் சற்று வெப்பமான நேரத்துக்கு அரை அலகு. 16 பாகையைத் தாண்டினால் அரை அலகு கழியும், 18-ஐத் தாண்டினால் முழு அலகே கழியும். நம் எடுத்துக்காட்டில் இரவு 8 அலகு சேர்ந்தது. மறுநாள் பகலில் ஆறு மணி நேரம் 20 பாகை வெயில் அடித்தால் 6 அலகு போய்விடும், மிச்சம் 2. தென் கலிபோர்னியாவில் ஜனவரியில்கூட இப்படிப்பட்ட பகல்கள் சாதாரணம். அதனால் அங்கே யூட்டா முறைப்படி எண்ணினால் சில நேரம் கணக்கு பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் அங்கேயும் சில மரங்கள் காய்க்கத்தானே செய்கின்றன?

இதற்கு விடை தேடி 1980-களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இன்னொரு முறையை உருவாக்கினார்கள். மொட்டில் குளிர் இரண்டு படிகளில் சேர்கிறது என்பது அவர்களுடைய விளக்கம. முதல் படியில் சேர்ந்ததை வெப்பம் கலைத்துவிடலாம். போதிய அளவு சேர்ந்து இரண்டாம் படிக்குப் போய்விட்டால் அது நிலைத்துவிடும், பிறகு வெயில் அடித்தாலும் கலையாது. மிதமான குளிர்காலம் உள்ள இடங்களுக்கு இந்த முறை கூடுதலாகப் பொருந்துகிறது. இருந்தாலும் நர்சரிகளில் மரத்தின் சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் பழைய குளிர் மணிதான். அந்த எண்ணை ஒரு வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேமரன் மலையில் ஏப்ரிகாட் வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை, அது 1978-இல் பதிவானது. குளிர் மணிக்கான எல்லையோ 7.2. நமக்கு ஸ்வெட்டர் போடுகிற குளிராகத் தெரிவது, இந்த மரத்துக்குக் குளிரே இல்லை.

குளிர் போதாத மரத்தின் அடையாளங்கள்

குளிர் போதாவிட்டால் மரம் செத்துப்போவதில்லை. பாதி தூக்கத்தில் எழுப்பிய ஆளைப் போலக் குழம்பி நிற்கும். ஏப்ரிகாட்டில் பூமொட்டுகள் விரியாமலேயே உதிர்ந்துவிடும். தப்பிய பூக்களும் ஒரே வாரத்தில் பூக்காமல் பல வாரங்களுக்கு இழுத்துக்கொண்டே போகும். இலைகள் தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். கிளைகளின் நடுப்பகுதி மொட்டையாகத் தெரியும். உரம் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் போட்டால் இலைதான் பெருகும், காய் வராது.

எந்த ரகம் எவ்வளவு குளிர் கேட்கும்?

கலிபோர்னியா நர்சரிகளில் கிடைக்கும் ரகங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இவை. எல்லாம் தோராயமான எண்கள்தான்.

கேட்டி: 200 முதல் 300 குளிர் மணி. பழம் பெரியது, சீக்கிரமே பழுக்கும்.

கோல்டு கிஸ்ட்: 300 குளிர் மணி. வெப்பமான குளிர்காலம் உள்ள இடங்களில் வீட்டுத் தோட்டத்துக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் ரகம்.

ராயல் அல்லது ப்ளென்ஹைம்: 400 குளிர் மணி அல்லது அதற்குச் சற்று மேல். இரண்டு பெயரில் வந்தாலும் நர்சரிகள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகவே விற்கின்றன. ருசிக்குப் பேர்போனது. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்லும் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு, கணினி நிறுவனங்கள் வருவதற்கு முன் பழத்தோட்டங்களாக இருந்தது. அங்கே இந்த ரகம் பெருமளவில் விளைந்தது.

மூர்பார்க்: 600 குளிர் மணி.

ஹார்காட், பெர்ஃபெக்‌ஷன்: 700 குளிர் மணி அளவில்.

இப்போ நம் 360 மணித் தோட்டத்துக்கு வருவோம். கேட்டியும் கோல்டு கிஸ்டும் பொருந்தும். ப்ளென்ஹைம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, சில ஆண்டு காய்க்கும், சில ஆண்டு ஏமாற்றும். மூர்பார்க்கை நட்டால் நிழல்தான் மிச்சம். கேட்டி, கோல்டு கிஸ்ட், ப்ளென்ஹைம் மூன்றும் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பவை, ஒரு மரம் போதும். பெர்ஃபெக்‌ஷனுக்கு மகரந்தம் தர வேறொரு ரகம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குறைவாகக் கேட்பதே எப்போதும் நல்லதா?

‘அப்படின்னா எல்லா இடத்திலும் கேட்டியையே நட்டுவிடலாமே’ என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குறைந்த குளிர் கேட்கும் மரத்தின் கணக்கு சீக்கிரமே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு கொஞ்சம் வெயில் அடித்தாலும் பூத்துவிடும். ஏப்ரிகாட் இயல்பாகவே முந்திப் பூக்கும் மரம். 900 குளிர் மணி கிடைக்கும் ஊரில் கேட்டியை நட்டால், உறைபனிக் காலம் முடிவதற்குள் பூத்து நிற்கும் ஆபத்து உண்டு. முழுதாக மலர்ந்த ஏப்ரிகாட் பூ சுமார் −2.2 பாகையிலேயே சேதமடையத் தொடங்கும். −5.6 பாகைக்குப் போனால் பத்தில் ஒன்பது பூ கருகிவிடும்.

ஆக, அதிகம் கேட்கும் மரம் மிதமான ஊரில் தோற்கும். குறைவாகக் கேட்கும் மரம் குளிர் மிகுந்த ஊரில் தோற்கும். தேவை குறைந்த மரத்தைத் தேடுவதை விட்டு, நம் இடத்துக்குப் பொருந்தும் மரத்தைத் தேட வேண்டும். இடத்தின் குளிர் மணியைவிட மரத்தின் தேவை கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். குளிர் குறைந்த ஓர் ஆண்டிலும் அது தாக்குப்பிடிக்கும்.

ஒரே தோட்டத்தில் இரண்டு தட்பவெப்பம்

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால் சரிவின் அடியில் குளிர் மணி கூடும், உறைபனி ஆபத்தும் கூடும். வட அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்குப் பக்கமாகத் தாழ்ந்து போகிறது. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி மரம் வைத்தால் சுவரின் வெப்பம் மொட்டுகளைத் தாக்கும். குளிர் போதாத ஊரில் அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது. குளிர்காலத்தில் நிழலும், இலை துளிர்த்த பிறகு முழு வெயிலும் கிடைக்கும் இடம் இருந்தால் சிறப்பு.

குளிர்காலமும் மாறுகிறது

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தரையை ஒட்டி அடர்ந்த மூடுபனி தங்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு அது தொல்லை, பழ மரங்களுக்கோ போர்வை. வெயில் நேரடியாகப் படாமல் மொட்டைக் குளிராக வைத்திருக்கும். 32 குளிர்காலங்களில் அந்த மூடுபனி நாள்கள் 46 விழுக்காடு குறைந்துவிட்டன என்று பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் காட்டியது. காற்றின் வெப்பநிலை அதேதான் என்றாலும், வெயில் பட்ட மொட்டு காற்றைவிடச் சூடாகிவிடும். காற்றை மட்டும் அளக்கும் வெப்பமானிக்கு இது தெரியாது.

ஏப்ரிகாட் மரம் இன்று நட்டு அடுத்த ஆண்டு பிடுங்குகிற பயிர் அல்ல. இருபது முப்பது ஆண்டு நிற்கும். இருபது ஆண்டுக்கு முன் அந்த ஊரில் இருந்த குளிரை நம்பி இன்று மரம் வாங்குவது சரியான கணக்கு ஆகாது. இடத்தின் குளிர் மணியைக் கேட்கும்போது கடந்த சில குளிர்காலங்களின் எண்களையே கேட்க வேண்டும். அதிலும் மிகக் குறைந்த எண்ணைப் பார்ப்பது பாதுகாப்பு.

மரம் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. நம் இடத்துக்கு ஆண்டுக்கு எத்தனை குளிர் மணி கிடைக்கிறது? கலிபோர்னியாவில் 1982 முதல் இயங்கும் அரசு வானிலை நிலையங்களின் பதிவுகளிலிருந்து இதைக் கணக்கிட முடியும்.

2. கடைசி உறைபனி எப்போது வருகிறது? அதற்கு முன்பே அந்த ரகம் பூத்துவிடுமா?

3. மரம் தனியாகக் காய்க்குமா, துணை மரம் வேண்டுமா?

4. அடிமரம் எது? ஈரம் தேங்கும் களிமண்ணுக்கு மைரோபாலன் என்னும் பிளம் வகை அடிமரம் தாங்கும். பீச் அடிமரத்துக்கு நீர் வடியும் மண் வேண்டும்.

5. எப்போது கவாத்து செய்வது? மழைக்காலத்தில் ஏப்ரிகாட்டை வெட்டினால் வெட்டுக்காயம் வழியாக யூடைப்பா என்னும் பூஞ்சை நோய் நுழைந்து கிளையைக் காய வைத்துவிடும். அதனால் கலிபோர்னியாவில் மழை இல்லாத ஜூலை, ஆகஸ்டில் வெட்டச் சொல்கிறார்கள்.

ருசி எப்படி என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. ருசி முக்கியம்தான். இந்த ஐந்தையும் தாண்டி வந்த ரகங்களுக்குள் ருசியைப் பார்த்துக்கொள்ளலாம். காய்க்காத மரத்தின் ருசியைப் பேசி என்ன பயன்?

வகுப்பில் கலந்துரையாட

1. டுரியானுக்கு வறட்சி, ஏப்ரிகாட்டுக்குக் குளிர். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை ஒரு பத்தியில் எழுதுக.

2. ஓர் ஊரில் 30 இரவுகளில், ஒவ்வோர் இரவும் 6 மணி நேரம் வெப்பநிலை 4 பாகையாக இருந்தது. குளிர் மணி எத்தனை? மேலே உள்ள ரகங்களில் எதையாவது அங்கே நம்பி நடலாமா? காரணம் கூறுக.

3. ‘குறைந்த குளிர் கேட்கும் ரகமே எல்லா இடத்துக்கும் சிறந்தது.’ இக்கூற்றை மறுத்து, காரணமும் விளைவும் தெளிவாகத் தெரியும்படி ஒரு விளக்கக் கட்டுரை எழுதுக.