முழங்காலில் அடிபட்டால் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

அம்பாங்கானில் மாலை நேரக் காற்பந்து. முழங்கால் திருகி வீங்கிவிட்டது. அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "நான்தானே முதல்ல வந்தேன்?" என்ற உங்கள் எரிச்சலில் நியாயம் உண்டு.

ஆனால், அங்கே யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. உயிருக்குப் போராடுபவருக்குச் சிவப்பு மண்டலம், அடுத்த நிலைக்கு மஞ்சள், மற்றவர்களுக்குப் பச்சை. நொண்டியபடி நடந்து வருபவர் பெரும்பாலும் பச்சைதான்.

காத்திருக்கும்போது பாதம் மரத்துப்போனாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ சும்மா இருக்காதீங்க. உடனே தாதியிடம் சொல்லுங்க. ரத்த ஓட்டம் தடைபட்டால் சுமார் 6 மணி நேரத்தில் தசை நிரந்தரமாகச் சேதமடையலாம்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும்; தசைநார் கிழிசலைக் காட்டாது. வீக்கம் வடிந்த பிறகும் முழங்கால் நிலையில்லாமல் மடங்கினால், எலும்பியல் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேளுங்க.