மலைநாட்டு வீடும் கோல மரத்தளமும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கும், ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்கள் பல இன்றும் நிலைத்து நிற்கின்றன. அவற்றைப் புதுப்பிப்போரிற் சிலர், சிறு தேக்குக் கட்டைகளை மீன்முள் வடிவில் அடுக்கும் கோலத் தளத்தை விரும்புகின்றனர். அது கண்ணுக்கு இனியது. பாதத்திற்குக் குளிர் தெரியாதது. ஆயினும் அதன் ஆயுளை நிர்ணயிப்பது மேலே தெரியும் கோலமன்று. கீழே மறைந்துள்ள ஈரமே.

பிரான்சு நாட்டு வெர்சாய் மாளிகையிலும் இதே ஈரமே தொல்லை தந்தது. சலவைக்கல் தளத்தை ஓயாது கழுவிய நீர் அடியிலிருந்த உத்தரங்களை உளுத்துப்போகச் செய்தமையால், 1684ஆம் ஆண்டில் அங்கே கோல மரத்தளம் அமைக்கப்பட்டது.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; வறட்சியில் அதனை வெளிவிடும். அதனால் கட்டை நீளவாக்கில் அதிகம் மாறுவதில்லை. அகலவாக்கிலேயே விரிந்து சுருங்கும். மீன்முள் அடுக்கில் கட்டைகள் இரு திசை நோக்கிக் கிடப்பதால், தளம் நாற்புறமும் விரிய முயலும். சுவரை முட்டும்படி பதித்தால், தென்மேற்குப் பருவமழையின்போது அது நடுவே பொங்கி எழும். ஆகவே எல்லாச் சுவரோரங்களிலும் ஏறக்குறைய அரை அங்குல இடைவெளி விடுதல் வேண்டும். சுவரடிப் பலகை அதனை மறைத்துவிடும்.

வேலையின் ஒழுங்கு என்ன? முதலில் கூரை ஒழுக்கையும் வடிகாலையும் சீர்செய்தல் வேண்டும். பின்பு சீமெந்துத் தரைமீது ஒரு பொலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பினால் தரை இன்னும் காயவில்லை என்பது பொருள். கட்டைகளையும் அதே அறையில், இடையே காற்றுப் புகும்படி அடுக்கி, இரண்டொரு வாரம் வைத்திருத்தல் நலம். பழைய வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் நேராயிரா. ஆகையால் சுவரை நம்பாது, அறையின் நடுவே நூல் பிடித்துக் கோடிட்டு, அங்கிருந்தே பதிக்கத் தொடங்குதல் வேண்டும்.

நிலத்தினின்று உயர்த்தப்பட்ட பழைய பலகைத் தளங்களுக்கு அடிச்சுவரிலே காற்றுத் துளைகள் உண்டு. குளிருக்கு அஞ்சி அவற்றை அடைத்துவிடுவோர் தம் தளத்தைத் தாமே உளுக்க விடுகின்றனர். தளத்தை வாளி நீரால் கழுவுதலும் கூடாது. உலர்ந்த துணியும் மெழுகும் போதும்.

ஒரு தேக்கு பருத்து முதிரப் பல பத்தாண்டுகள் செல்லும். அம்மரத்தை ஒரே மழைக்காலத்தில் பாழாக்குவதைவிடத் தரை காயச் சில வாரங்கள் பொறுத்திருப்பது சாலச் சிறந்தது.