கடைசி 100 மீட்டரில் கால் ஏன் கனக்கிறது?

2018 ஆகஸ்ட் 27. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தில் திருப்பூர் மாவட்டத்து இளைஞர் தருண் அய்யாசாமி 48.96 வினாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்போது அது தேசிய சாதனை. மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். வழியில் 10 தடைகள், ஒவ்வொன்றும் 91.4 சென்டிமீட்டர் உயரம். கடைசி 100 மீட்டரில் காலில் யாரோ கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனக்கும். அந்த நேரத்தில் தசைக்குள் என்னதான் நடக்கிறது?

தசை சுருங்கி விரிவதற்கு நேரடியாக ஆற்றல் தரும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஏடிபி. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியின் ஆற்றலும் ஏடிபி வழியாகத்தான் காலுக்கு வந்து சேர்கிறது. ஆனால் தசையில் இதன் இருப்பு மிகக் குறைவு. முழு வேகத்தில் ஓடினால் 2, 3 வினாடிக்குத்தான் வரும். செலவாகச் செலவாக அதை உடனே புதுப்பித்துக் கொடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட். அதுவும் 10 வினாடி வாக்கில் பெருமளவு தீர்ந்துவிடும்.

இந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் தெரியுமா? பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி அறுவைச் சிகிச்சைக்கு வந்தார் என்று ஆங்கிலேயப் பேராசிரியர் கோபப்பட்டார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான சான்றிதழோடுதான் வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1927-இல் கிரியேட்டின் பாஸ்பேட்டைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். 1929-இல் ஏடிபி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஏடிபியைக் கண்டார். நம் பாடப் புத்தகங்களில் சுப்பாராவின் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். 10 வினாடி ஆகும்போது ஓட்டக்காரர் இரண்டாவது தடையைத்தான் தாண்டியிருப்பார். மிச்சம் எட்டு! இனி பெரும்பாரத்தைச் சுமப்பது தசையில் சேமித்து வைத்த கிளைக்கோஜன். அது குளுக்கோஸாகி, மளமளவென்று உடைந்து ஏடிபி தருகிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து இப்படிக் கிடைப்பது 2 அல்லது 3 ஏடிபிதான். அதையே தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு முழுதாக எரித்தால் சுமார் 30 கிடைக்கும். ஆனால் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஓடுகிறவருக்கோ உடனே வேண்டும். அதற்காக ஆக்சிஜன் சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 400 மீட்டர் ஓட்டத்துக்கான ஆற்றலில் 40 சதவீதத்தை ஒட்டி அதன் வழியாகவே வருகிறது.

குளுக்கோஸ் அவசரமாக உடையும்போது லாக்டேட் சேர்கிறது. ‘லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, அதுதான் கால் வலி’ என்று மைதானத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாவம், லாக்டேட்! திருப்பூரில் பனியன் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை யாராவது குப்பையில் கொட்டுகிறார்களா? பனியன் வேஸ்ட் என்று மூட்டை கட்டி விற்கிறார்கள். அது பஞ்சாகி மறுபடி நூலாகிறது. லாக்டேட்டும் அப்படித்தான். ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போனால் அங்கே எரிபொருள். கல்லீரலுக்குப் போனால் மறுபடி குளுக்கோஸ். இந்தக் கல்லீரல் சுழற்சியைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் அதைக் கோரி சுழற்சி என்கிறோம். கிளைக்கோஜன் பற்றிய ஆய்வுக்காக இருவரும் 1947-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அப்படியானால் கால் கனப்பதற்கு யார் பொறுப்பு? ஒருவர் மட்டும் இல்லை. ஏடிபி வேகவேகமாக உடையும்போது பாஸ்பேட் அயனிகள் குவிகின்றன. ஹைட்ரஜன் அயனிகள் பெருகித் தசையில் அமிலத்தன்மை கூடுகிறது. இவையெல்லாம் சேர்ந்து தசை இழைகள் பலமாகச் சுருங்குவதைத் தடுக்கின்றன. மூளையும் ‘போதும்’ என்று கெஞ்சத் தொடங்குகிறது.

ஓடி முடித்ததும் பொத்தென்று உட்காராமல் சில நிமிடங்கள் மெதுவாக நடந்தால், இதயமும் தசைகளும் லாக்டேட்டை இன்னும் விரைவாக எரித்துவிடும். எப்படியும் ஒரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் விளையாட்டு விழாவுக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலித்தால் லாக்டேட்டைத் திட்டாதீர்கள். பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய காயங்களே அதற்குக் காரணம். சில நாளில் தசை அவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும்.