வட்டமும் குவியலும்: நம் முன்னோர் அளந்த முறை

கோலார் தங்கவயலில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் உருளை, கூம்பு, கோளம் மூன்றுக்கும் சூத்திரத்தை மளமளவென்று ஒப்பிப்பார்கள். "அது எப்படி வந்தது தம்பி?" என்று கேட்டால் பேச்சே இருக்காது. பல்லாண்டு தானியம் விற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வட்டம். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் பரப்பு என்கிறது காரி நாயனாரின் கணக்கதிகாரம். ஊத்தப்பத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் அடுக்கிப் பாருங்கள். ஏறக்குறைய நீள்சதுரம் ஆகிவிடும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் ஆரம். அவ்வளவுதான் சங்கதி.

பரப்பை உயரத்தால் பெருக்கினால் உருளையின் கனஅளவு. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் நமக்கு இது அவசியம். 4 அடி விட்டம், 5 அடி உயரமுள்ள தொட்டியின் அடிப்பரப்பு சுமார் 12.57 சதுர அடி. கனஅளவு சுமார் 62.9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 1,780 லிட்டர்தான் பிடிக்கும். 2,000 லிட்டருக்குக் காசு கேட்டால் கொடுக்கலாமா?

அடுத்தது கூம்பு. அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு. களத்தில் குவித்த தானியத்தை அளக்க, சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வர்க்கித்து உயரத்தால் பெருக்கச் சொல்கிறது பாஸ்கராசாரியாரின் லீலாவதி (1150). காரணம் இதுதான்: பை 3 என்று கொண்டால் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கே ஆரம். அந்த 3-உம் கூம்பின் மூன்றில் ஒன்றும் அடிபட்டுப் போகும். ஒரு கயிறும் கோலும் இருந்தால் கணக்கு முடிந்தது!

ஆனால் கவனம் வேண்டும். சுற்றளவு 18 அடி, உயரம் 2 அடி என்றால் இம்முறையில் 18 கன அடி வரும். பையின் சரியான மதிப்பில் 17.2 தான். நூற்றுக்கு ஐந்து போல வாங்குகிறவருக்கு நஷ்டம், விற்கிறவருக்கு லாபம்.

இந்தப் பேதத்தை அறிந்து சொன்னவர் மகாவீராசாரியர். 9ஆம் நூற்றாண்டில், கன்னட நாட்டை ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துச் சமண அறிஞர். அவருடைய கணிதசார சங்கிரகத்தை 1912இல் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். வட்டத்துக்குத் தோராயமாக 3, நுட்பமாக 10இன் வர்க்கமூலம், அதாவது 3.162, என இரண்டையும் தருகிறார். கோளத்துக்கும் அப்படியே. ஆரத்தின் கனத்தை 4.5ஆல் பெருக்குவது தோராயம். அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 4.05, நுட்பம். இன்றைய கணக்கில் 4.19. நுட்பமும் முழுச் சரியில்லை. ஆனாலும் எது தோராயம் என்று பெயர் சொல்லி வைத்தாரே, வியாபாரிக்கு அந்த நாணயம் பெரிது.

2001இல் சுரங்கம் மூடியபின் நம்மூரில் பலருக்குப் பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு சொத்தில்லை. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். வீட்டுத் தொட்டியை அளக்கச் சொல்லுங்கள். சயனைடு மேட்டைக் காட்டி, "உச்சி தட்டையாக இருக்கிறதே, இது முழுக் கூம்பா, இடைக்கண்டமா?" என்று கேளுங்கள். பதிலைத் தமிழிலேயே சொல்லட்டும்.