தூக்கில் தொங்கிய கதாநாயகன்!

மாயக் கதைக்கு எப்படிப்பட்ட கதாநாயகன் வேண்டும்? வீரனா? அழகனா? இரண்டுமே இல்லாத ஒரு மரப்பொம்மை உலகப் புகழ் பெற்றது. அதன் பெயர் பினோக்கியோ.

இத்தாலி நாட்டு எழுத்தாளர் கார்லோ கொலோடி, 1881-ம் ஆண்டு ஒரு சிறுவர் பத்திரிகையில் இந்தத் தொடர்கதையை எழுதத் தொடங்கினார்.

பினோக்கியோ சொல் பேச்சுக் கேளாதவன். அவனைச் செதுக்கி வளர்த்த ஏழைக் கிழவர், தம் மேல்சட்டையை விற்றுப் பாடப் புத்தகம் வாங்கித் தந்தார். அவனோ அந்தப் புத்தகத்தை விற்றுவிட்டு, பொம்மலாட்டம் பார்க்கப் போனான்!

15-வது அத்தியாயத்தில் திருடர்கள் அவனை மரத்தில் தூக்கிலிட்டார்கள். அத்துடன் கதையை முடித்துவிட்டார் கொலோடி.

வாசகர்கள் விடவில்லை!

"இன்னும் வேண்டும்" என்று கேட்டார்கள். 1882-ல் கதை மீண்டும் தொடர்ந்தது. ஒரு தேவதை அவனைக் காப்பாற்றினாள். பொய் சொன்னால் மூக்கு நீளும் காட்சி அதற்குப் பிறகு வந்ததுதான்!

முடிவில், நோயுற்ற கிழவருக்கு ஒரு தம்ளர் பால் வாங்க, 100 வாளி தண்ணீர் இறைத்தான் பினோக்கியோ. மரப்பொம்மை மனிதச் சிறுவன் ஆனது. 1883-ல் கதை புத்தகமாக வெளிவந்தது.

பிறக்கும்போதே நல்லவனாக இருந்தால் கதை ஏது? தவறு செய்பவன் திருந்த இடம் கொடுங்கள். கதாநாயகன் அங்கேதான் வளர்கிறான்.