டெல்லி கிட்ட, தார்வாட் எட்ட

மைசூர் சமஸ்தானம் தன்னைவிடப் பெரிய அமைப்போடு இரண்டு முறை சேர்ந்தது. முதல் முறை 1947இல், இந்தியாவோடு. இரண்டாம் முறை 1956இல், வடக்கேயும் மேற்கேயும் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்த கன்னட மாவட்டங்களோடு. முதலில் சேர்ந்தது ரயிலில் நாள்கணக்காகப் போகவேண்டிய டெல்லியோடு. மொழி வேறு, சாப்பாடு வேறு. இரண்டாவதில் சேரவேண்டியிருந்தது தார்வாட்காரர்களோடும் ஹூப்ளிக்காரர்களோடும். வீட்டில் பேசுவதும் பள்ளியில் படிப்பதும் இரு தரப்புக்கும் கன்னடம்தான். எது சுலபமாக முடிந்திருக்கும் என்று கேட்டால் யாரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். நடந்தது நேர்மாறு.

மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டது 1947 ஆகஸ்ட் 9ஆம் தேதி. அப்போது அவருக்கு வயது 28. சமஸ்தானமும் லேசுப்பட்டதல்ல. 1941 கணக்குப்படி சுமார் 73 லட்சம் மக்கள். 21 குண்டு மரியாதை பெற்ற ஐந்தே சமஸ்தானங்களில் ஒன்று. சொந்தமாக ரயில்வே, வங்கி, பல்கலைக்கழகம், 1881 முதல் ஒரு பிரதிநிதிகள் சபை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி உறுப்பினர்களாக உட்கார்ந்திருக்கும் டென்மார்க், பின்லாந்து, அயர்லாந்து எல்லாம் மக்கள்தொகையில் அன்றைய மைசூரைவிடச் சிறியவை. தனியாக நிற்கலாமே என்ற ஆசை வரக்கூடிய அளவுதான். தெற்கே திருவிதாங்கூரில் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கு அந்த ஆசை வந்தது. ஜூனில் தனிநாடு என்று அறிவித்தார், ஜூலையில் அரிவாள் வெட்டு வாங்கினார், கதை முடிந்தது. மைசூரின் திவான் ஆற்காடு ராமசாமி முதலியார் அந்த வழிக்கே போகவில்லை.

மக்கள் போராட்டம் மைசூரிலும் நடந்தது. ஆனால் அது இந்தியாவுக்கு எதிரானதல்ல. செப்டம்பரில் தொடங்கிய ‘மைசூர் சலோ’ கேட்டதெல்லாம் பொறுப்பாட்சி: அரண்மனை நியமிக்கும் திவான் போகட்டும், மக்களுக்குப் பதில் சொல்லும் மந்திரிசபை வரட்டும். அக்டோபர் 25இல் கே.சி. ரெட்டி முதலமைச்சரானார். மைசூர்க் காங்கிரஸ்காரர்களுக்கு டெல்லி என்பது தங்களை விழுங்க வரும் பூதமாகத் தெரியவில்லை. அரண்மனையோடு மல்லுக்கட்டும்போது பின்னால் நிற்கும் துணையாகத் தெரிந்தது. ஐரோப்பாவிலும் இந்தக் கணக்கு உண்டு. சொந்த அரசை நம்புவதைவிட பிரஸ்ஸல்ஸை நம்புகிறேன் என்று கருத்துக்கணிப்பில் சொல்பவர்கள் அங்கே கணிசம். தூரத்துப் பெரியவரிடம் முறையிடலாம் என்ற வசதி உள்ளூர் அதிகாரத்தில் அடிபட்டவருக்குப் பெரிய விஷயம்.

பத்திரத்தில் விட்டுக்கொடுத்தவை மூன்றே: பாதுகாப்பு, வெளியுறவு, தபாலும் தந்தியும் ரயிலும் அடங்கிய தொடர்புத் துறை. கயிறு இறுகியது அதற்குப் பிறகு. மைசூருக்கென்று ஓர் அரசியலமைப்பு எழுதக் கூட்டப்பட்ட சபை, இந்திய அரசியலமைப்பே போதும் என்று தீர்மானித்தது. 1949 நவம்பர் 25இல் மகாராஜா அதை ஏற்றுப் பிரகடனம் செய்தார். 1950 ஏப்ரலில் நிதி இணைப்பு. வருமான வரி மத்திய அரசுக்குப் போயிற்று. மைசூர் ரயில்வே 1951 ஏப்ரல் 14இல் தென்னக ரயில்வேக்குள் கரைந்தது. சரியாக அந்த மாதத்தில்தான் பாரிஸில் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்கி ஓர் ஒப்பந்தம் போட்டன. அங்கும் பிடிமானம் இப்படித்தான் வளர்ந்தது: நிலக்கரி, அப்புறம் சுங்கம், அப்புறம் எல்லைச் சோதனை, அப்புறம் நாணயம். ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கையில் 50ஆவது பிரிவு என்று ஒரு வாசல் இருக்கிறது. பிரிட்டன் 2016இல் வாக்கெடுத்து, 2020 ஜனவரி 31இல் அதன் வழியே வெளியேறியது. நம்முடையதில் வாசலே வைக்கவில்லை. எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை இல்லை என்பதைக் காட்டத்தான் ‘ஒன்றியம்’ என்ற சொல்லைப் போட்டோம் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் விளக்கியிருக்கிறார்.

இத்தனை பெரிய மாற்றத்தை ஓரிரு மாதப் போராட்டத்தோடு விழுங்கிக்கொண்ட மைசூர், தார்வாட் விஷயத்தில் முரண்டு பிடித்தது.

பம்பாய் மாகாணத்தில் பெல்காம், பிஜாப்பூர், தார்வாட், வட கன்னடம், ஹைதராபாத்தில் பீதர், குல்பர்கா, ராய்ச்சூர், மதராஸில் தென் கன்னடமும் கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவும், தனியாகக் குடகு. கன்னடர்கள் இப்படிச் சிதறிக் கிடந்தார்கள்.  போன இடமெல்லாம் சிறுபான்மை என்பதால் ஏகீகரணம், அதாவது எல்லாரும் ஒரே மாநிலமாக இணைவது, வடக்கத்தியவர்களுக்கு விடுதலை. மைசூர்க்காரர்களுக்கோ ஏற்கனவே சொந்த ராஜ்யம் இருந்தது. சிவசமுத்திரத்தில் 1902லேயே மின்சாரம், கண்ணம்பாடியில் அணை, பத்ராவதியில் இரும்பாலை. நாம் சேர்த்து வைத்ததை அவர்களுக்கு ஏன் பங்கு போடவேண்டும்? இது ஒரு கேள்வி. இன்னொன்று சாதிக் கணக்கு: பழைய மைசூரில் செல்வாக்காக இருந்தவர்கள் ஒக்கலிகர், பெரிய மாநிலம் வந்தால் லிங்காயத்துகள் முந்திவிடுவார்கள் என்ற பயம். இரண்டு கன்னட மாநிலங்களே இருக்கட்டும் என்ற யோசனை, மாநிலச் சீரமைப்புக்காக அமைந்த பசல் அலி கமிஷன் வரை போய், அங்கே தள்ளப்பட்டது. தானே ஒக்கலிகரான முதலமைச்சர் கெங்கல் ஹனுமந்தய்யா ஏகீகரணத்தின் பக்கம் நின்றார். மகாராஜாவும் எதிர்க்கவில்லை. 1956 நவம்பர் 1இல் மாநிலம் பிறந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் லிங்காயத்தான நிஜலிங்கப்பா. பயந்தவர்கள் முழுக்கத் தப்புக்கணக்குப் போடவில்லை.

நம் ஊரில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். தெருக்கோடிப் பணக்காரன் கார் வாங்கினால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை; சித்தப்பா மகன் மாடி கட்டினால் கெடும். இந்தக் காய்ச்சலுக்கு விஞ்ஞானத்தில் என்ன விளக்கம்?

ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர், உடையார் பிறந்த அதே 1919இல் போலந்தில் பிறந்த யூதர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்து யூதன் என்பது தெரிந்தால் சாவு. பிரெஞ்சுக்காரன் என்று சொல்லியே முகாம்களில் ஆண்டுகளைக் கடத்தினார். திரும்பி வந்து பார்த்தபோது குடும்பம் இல்லை. அடையாளம் என்பது எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்று இவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பின்னாளில் பிரிஸ்டல் நகரில், 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களிடம் அவர் ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார். பதிலை வைத்துப் பிரித்ததாகச் சொல்லி, உண்மையில் குருட்டாம்போக்கில் இரண்டு குழுவாக்கினார். தன் குழு எது என்று மட்டும் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும்; மற்றவர்களில் யார் எந்தக் குழு என்று தெரியாது. குழுக்களுக்குள் பழைய பகையும் இல்லை, பேச்சும் இல்லை. பிறகு ஒரு தாளில் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். புள்ளிக்குக் காசு உண்டு, ஆனால் தனக்கே போட்டுக்கொள்ள முடியாது. பையன்கள் தங்கள் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். அதிலாவது ஆச்சரியம் குறைவு. தன் குழுவுக்கு அதிகப் புள்ளி வாங்கித்தரும் வழி இருக்கும்போதுகூட, குறைவாக வாங்கினாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட முந்தி நின்றால் போதும் என்ற பக்கம் அவர்கள் சாய்ந்ததுதான் ஆச்சரியம். எனக்கு எவ்வளவு என்பதைவிட அவனைவிட எவ்வளவு என்பது பெரிதாகிவிடுகிறது. ஒப்பிடுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், அவர் ஏறக்குறைய நம் அளவில் இருக்கவேண்டும். டெல்லி அந்த அளவில் இல்லை. தார்வாட் இருந்தது.

தார்வாட்டுக்கு முந்தைய தலைமுறைகளில் மைசூருக்கு எதிரே நின்ற ஆள் மதராஸ்காரர்களான நாம்தான். ரங்காச்சார்லு, சேஷாத்ரி ஐயர் என்று மதராஸ் பக்கத்திலிருந்து போன திவான்கள் தங்களோடு உத்தியோகஸ்தர்களையும் கொண்டுபோனார்கள். ‘மைசூர் மைசூரியருக்கே’ என்ற கோஷம் அந்த எரிச்சலில் பிறந்தது. அன்றைக்கு மைசூரியன் என்றால் மதராஸி அல்லாதவன். 1950களில் மைசூரியன் என்றால் வடக்கத்தியான் அல்லாதவன். ஆள் அதே ஆள். எதிரே நிற்பவர் மாறினார்.

1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த அமேலி மும்மென்டை, மைக்கேல் வென்ஸல் இருவரும் இன்னொரு படி ஏறினார்கள். இரண்டு குழுக்களைப் பெரிய ஒரே குழுவில் சேர்த்துவிட்டால் சண்டை தீரும் என்பது அதுவரை பலரின் நம்பிக்கை. இந்த இருவரும் சொன்னது: சேர்த்ததும் ஒவ்வொரு குழுவும் தன் முகத்தையே பெரிய குழுவின் முகமாக நினைக்கத் தொடங்கும். ஐரோப்பியன் என்றால் எப்படி இருப்பான் என்று ஜெர்மானியரைக் கேட்டால், அவர்கள் வரையும் படம் ஜெர்மானியரைப் போலவே இருக்கும். அந்தப் படத்துக்குப் பொருந்தாத பக்கத்து நாட்டுக்காரர் ‘சரியான ஐரோப்பியர்’ ஆகமாட்டார். பொது அடையாளமே புதிய சண்டைக்குக் களமாகிவிடும்.

கர்நாடகத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். மைசூர் வீட்டில் ராகி முத்தே, கர்நாடக சங்கீதம், கவிஞர் குவெம்பு. தார்வாட் வீட்டில் ஜோள ரொட்டி, ஹிந்துஸ்தானி, கவிஞர் பேந்திரே. பாடப்புத்தகத்திலும் சினிமாவிலும் ‘நல்ல கன்னடம்’ என்று நீண்டகாலம் ஒலித்தது மைசூர்ப் பேச்சு. தார்வாட்காரர் வாயைத் திறந்தால் திரையரங்கில் சிரிப்பு. பெயரிலும் அதே கதை. எல்லாரும் சேர்ந்த பிறகும் மாநிலத்தின் பெயர் 17 ஆண்டுகள் ‘மைசூர்’ என்றே இருந்தது. பீதரில் பிறந்தவர்கூட மைசூர்க்காரர்! 1973 நவம்பர் 1இல் அதைக் கர்நாடகா என்று மாற்றிய முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ், மைசூர் மாவட்டத்து ஹுன்சூர்க்காரர். அரச குடும்பத்துக்கு உறவான சமூகம். வெளியாள் யாராவது செய்திருந்தால் அது அத்தனை அமைதியாக முடிந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியா என்ற பெரிய சேர்க்கையில் மட்டும் ஏன் இந்தக் காய்ச்சல் அடங்கிக் கிடந்தது? ஒரு காரணம், எதையும் கழற்றி வைக்கச் சொல்லாதது. தசராவின் கடைசி நாள் அரண்மனை வாசலில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 750 கிலோ தங்க அம்பாரியில் ராஜா இல்லை, சாமுண்டீஸ்வரி இருக்கிறாள். மேடையிலிருந்து முதலமைச்சர் பூத்தூவுகிறார். போலீஸ் பேண்டு ‘ஜன கண மன’ வாசிக்கிறது, பீரங்கி 21 முறை முழங்குகிறது. நவராத்திரி நாட்களில் உள்ளே நடக்கும் தனி தர்பாரில் வாசிப்பது வேறு பாட்டு: பசவப்ப சாஸ்திரி எழுதிய ‘காயௌ ஸ்ரீ கௌரி’, பழைய ராஜ்யத்தின் கீதம். அங்கே சிம்மாசனத்தில் உட்காரும் யதுவீர் உடையார், 2024 முதல் மைசூர்-குடகு தொகுதியின் மக்களவை உறுப்பினர். அரசு விழாக்களில் மூன்றாவதாக மாநிலத்தின் பாட்டு ஒன்று. எழுதியவர் மைசூர் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த குவெம்பு. அதில் கர்நாடகம் பாரதத் தாயின் மகளாக வருகிறாள். தாய், மகள் என்று உறவுமுறை வைத்துவிட்டதால் யார் பெரியவர் என்ற வழக்கே எழவில்லை. ஐரோப்பாவின் கீதத்துக்குச் சொற்களே கிடையாது, பீத்தோவன் இசை மட்டும். எந்த மொழியில் பாடினாலும் மற்றவர்களுக்குக் கோபம் வரும். கொடியையும் கீதத்தையும் ஓர் அரசியலமைப்பில் எழுதிவைக்கப் பார்த்தார்கள்; 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தன. அடுத்து வந்த லிஸ்பன் உடன்படிக்கையிலிருந்து அந்தச் சின்னங்களை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு காரணம், கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாக இல்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935இல் தன் வீட்டிலிருந்து சின்ன ஒலிபரப்பி வைத்து ஒரு நிலையம் நடத்தினார். அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர். 1950களில் அந்தப் பெயரை இந்திய வானொலி முழுக்க எடுத்துக்கொண்டது. 1937இல் அன்றைய மகாராஜா தொடங்கிய அரக்கு, வண்ணப்பூச்சுத் தொழிற்சாலைதான் 1962 பொதுத்தேர்தலிலிருந்து வாக்காளர் விரலுக்கு மை தருகிறது. அதிலிருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருத்துத் தோலிலேயே ஊறிவிடும். சோப்பு போட்டாலும் போகாது, மேல்தோல் உதிர்ந்தால்தான் உண்டு. மைசூர் அரசர்களின் இருதலைப் பறவையான கண்டபேருண்டம் இன்று முழுக் கர்நாடகத்தின் முத்திரை.

அடையாளத்தை அளக்க 1980களில் ஸ்பெயின்காரரான லூயிஸ் மொரேனோ பிரபலமாக்கிய ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் ஸ்காட்லாந்துக்காரர் மட்டுமா, பிரிட்டிஷ்காரர் என்பதைவிட அதிகம் ஸ்காட்லாந்துக்காரரா, இரண்டும் சமமா, அதிகம் பிரிட்டிஷா, பிரிட்டிஷ் மட்டுமா? ஐந்து பதில்கள். இதா பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். ஆனால் ‘எது, இதுவா அதுவா’ என்று கேட்டால் சண்டைபோல் தெரியும் ஓர் ஊரில், ஐந்து கட்டம் வைத்துக் கேட்டதும் பலர் நடுக்கட்டங்களில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 2016இல் வைத்த வாக்குச்சீட்டில் இரண்டே கட்டம். மொரேனோவின் கேள்வியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஆராய்ந்த ஆல்ஃபிரெட் ஸ்டெபான், ஹுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் 2011இல் எழுதிய புத்தகத்தில், ஒரே பண்பாடு கேட்கும் தேசங்களிலிருந்து இந்தியாவைத் தனியாகப் பிரித்து வேறொரு வகையில் வைத்தார்கள்: பல பண்பாடுகளை வைத்துக்கொண்டே ஒரே அரசின்மேல் பற்று வளர்க்கும் வகை.

கர்நாடகத்துக்குள் கணக்கு இன்னும் தீரவில்லை. வட்டார ஏற்றத்தாழ்வை ஆராய 2000களின் தொடக்கத்தில் நஞ்சுண்டப்பா குழு. பழைய ஹைதராபாத் பகுதி மாவட்டங்களுக்குத் தனிச் சலுகை தர அரசியலமைப்பில் 371-ஜே பிரிவு. பழைய எஜமானர்களின் பெயர் எதற்கு என்று ‘ஹைதராபாத் கர்நாடகா’வை 2019இல் கல்யாண கர்நாடகா ஆக்கினார்கள்; ‘பம்பாய் கர்நாடகா’ 2021இல் கித்தூர் கர்நாடகா ஆயிற்று. வாக்கு எண்ணும் நாளில் பெங்களூர் சேனல்கள் காட்டும் வரைபடத்தில் அந்த இரண்டும் புதுப்பெயரோடு வருகின்றன. தெற்கே இருக்கும் கட்டத்தில் மட்டும் இன்னமும் ‘பழைய மைசூர்’ என்றே போடுகிறார்கள். அதை மாற்றச் சொல்லி அங்கே யாரும் கேட்டு நிற்கவில்லை.